வீராவின் கல்லறையும் அடுத்த மாதம் வரும் குட்டியும்

கேள்வி: டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். தென்மாவட்டம் ஒன்றில் மோப்ப நாய் பிரிவில் தலைமைக் காவலராக இருக்கிறேன். வெடிகுண்டு கண்டுபிடிக்கும் லாப்ரடார் வீராவைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் நான். எட்டரை வயதில், இரண்டு மாதத்துக்கு முன் திடீரென்று போய்விட்டான். முதல் நாள் காலைதான் திருவிழா பந்தோபஸ்தில் முழுச் சோதனையும் முடித்துக் கொடுத்தான். மறுநாள் விடியற்காலையில் கென்னலில் (நாய்க் கொட்டடியில்) இறந்து கிடந்தான். மண்ணீரல் கட்டி வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டியிருக்கிறது என்று பிரேதப் பரிசோதனையில் எழுதினார்கள். திசுப் பரிசோதனையில் ஹெமாஞ்சியோசர்கோமா என்று வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு ஒரு சாயங்காலம் சாப்பாட்டைத் தொடாமல் படுத்துக்கொண்டான். மறுநாள் சரியாகிவிட்டான், வெயில் என்று நானும் விட்டுவிட்டேன். அன்றே காட்டியிருந்தால் பிழைத்திருப்பானா? மைதான ஓரத்தில் மரியாதையோடு அடக்கம் செய்திருக்கிறோம். அங்கே கல் வைத்து மரம் நட ஆசை. அவனுடைய காலரும் (கழுத்துப்பட்டை) லீஷும் (பிடிவார்) எனக்கு வேண்டும். அடுத்த மாதம் புதுக் குட்டி தரப்போகிறார்கள். அதைத் தூக்கவே மனசு வரவில்லை, ராத்திரியில் தூக்கமும் இல்லை. நாலாவது படிக்கும் மகள் குட்டியைப் பார்க்க வருகிறேன் என்கிறாள். அழைத்துப் போகலாமா? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்:

அன்புள்ள சகோதரருக்கு,

நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாதது முதல் கேள்விதான் என்று தெரிகிறது. அதற்கு நேரான பதில்: அன்றே காட்டியிருந்தாலும் வீரா அதிக நாள் இருந்திருக்க மாட்டான். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. திசுப் பரிசோதனையில் வந்திருக்கும் நோயை வைத்துச் சொல்கிறேன்.

ஹெமாஞ்சியோசர்கோமா என்பது ரத்தக் குழாயின் உள்சுவர் செல்களில் பிறக்கும் புற்றுநோய். எட்டு வயதைத் தொட்ட பெரிய இன நாய்களில் அதிகம் வரும். ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், லாப்ரடார் மூன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. கட்டி முழுக்க ரத்தம் தேங்கிய மெல்லிய அறைகளாக இருக்கும். வளரும் காலத்தில் காய்ச்சலோ இருமலோ நொண்டலோ எதுவும் இருக்காது. ஒரு நாள் அதன் மேல்பக்கம் ஓர் இடத்தில் கிழிந்து, வயிற்றுக்குள் கொஞ்சம் ரத்தம் கசியும். நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. கசிவு தானாக உறைந்து நின்றுவிட்டால், வயிற்றுக்குள் இறங்கிய சிவப்பணுக்களில் பெரும்பங்கை ஓரிரு நாளில் உடம்பே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் காலையில் நாய் வாலை ஆட்டிக்கொண்டு கதவருகே நிற்கும். நீங்கள் எழுதிய அந்தச் சாயங்காலம் பெரும்பாலும் இந்த முதல் கசிவுதான். அதை வெயில் என்று எடுத்துக்கொண்டது கவனக் குறைவு இல்லை. மறுநாள் தேறிவிடுவதால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

அன்றைக்கே ஸ்கேன் எடுத்திருந்தால் கட்டி தெரிந்திருக்கலாம். மண்ணீரலை அறுவை செய்து எடுத்திருப்பார்கள். ஆனால் மண்ணீரலில் வரும் இந்தப் புற்றுநோய் கண்ணில் படும் நேரத்திலேயே கல்லீரலுக்கும் வயிற்றுச் சவ்வுக்கும் பரவத் தொடங்கியிருப்பதுதான் வழக்கம். அறுவை மட்டும் செய்த நாய்களில் பாதி, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்விடுகின்றன. கீமோதெரபியும் சேர்த்தால் அது நாலிலிருந்து ஆறு மாதம். ஒரு வருடத்தைத் தாண்டுபவை பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்த மாதங்களும் தையல், ஊசி, மறுபடி கசிவு என்றுதான் கழியும்.

"அப்படியானால் முதல் நாள் எப்படி வேலை செய்தான்?" என்பதும் உங்கள் மனதில் ஓடும். வெடிகுண்டு நாய்க்குத் தேடுவது கட்டளை இல்லை, விளையாட்டு. வாசனையைப் பிடித்து உட்கார்ந்தால் உங்கள் கையிலிருந்து பந்து வரும். அந்த ஆசை அட்ரினலினை ஏற்றி, சின்னச் சின்ன அசௌகரியத்தை மறைத்துவிடும். வேலைக்குப் பழகிய நாய் வீட்டு நாயைப் போல முனகிக் காட்டாது. மோப்ப நாய்களைப் பரிசோதிக்கும்போது "நேற்று நன்றாக வேலை செய்தது" என்ற தகவலை நல்ல ஆரோக்கியத்துக்கு அத்தாட்சியாக எடுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. வீரா உங்களோடு வேலை செய்யப் பிரியப்பட்டான், செய்தான். அதில் நீங்கள் அவனை வதைத்ததாக எதுவும் இல்லை.

உங்கள் பிரிவில் ஏழு வயது கடந்த வேறு நாய்கள் இருந்தால், இந்தத் துக்கத்திலிருந்து உடனே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மண்ணீரலில் தெரியும் எல்லாக் கட்டியும் புற்றுநோய் இல்லை. வெறும் ரத்தக்கட்டு போன்ற தீங்கில்லாத வகைகளும் கணிசமாக உண்டு. வெடிப்பதற்கு முன் கண்டுபிடித்து மண்ணீரலை எடுத்துவிட்டால் அந்த நாய்கள் ஆண்டுக்கணக்கில் வாழும். ஆகவே ஏழு வயதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்று ஸ்கேன் எடுக்கக் கேட்டு எழுதுங்கள். வீராவின் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலை அந்தக் கடிதத்தோடு இணைத்தால் மறுப்பது கடினம்.

தினமும் காலையில் செய்ய ஒரு பரிசோதனை. மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈற்றைக் கட்டைவிரலால் அழுத்திவிட்டு விரலை எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். லாப்ரடாருக்கு ஈற்றில் கறுப்புத் திட்டு இருந்தால் நிறம் தெரியாது, கீழிமையை இறக்கி உள்பக்கத்தைப் பாருங்கள். நாய் தூங்கும்போது மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 30-க்கு மேல் போகக் கூடாது. உடல்சூடு 101-லிருந்து 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். முதுகெலும்பு தெரியத் தெரிய வயிறு மட்டும் பெருத்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒருவேளை சாப்பாட்டை மறுத்து, ஈறும் வெளுத்திருந்தால், மறுநாள் தேறிவிட்டாலும் ஸ்கேன் எடுக்காமல் விடாதீர்கள். எங்கள் பக்கத்து மாவட்டங்களில் ஈறு வெளுப்பதற்கு உண்ணிக் காய்ச்சல்தான் மிகப் பொதுவான காரணம். அதனால் கூடவே ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள்.

இனி கல்லறை. புதைத்த குழி மண் முதல் மழைக்காலத்தில் கட்டாயம் இறங்கும். உடம்பு மட்கும்போது இன்னொரு முறை இறங்கும். இப்போதே குழியின் மேல் சிமெண்ட் மேடை கட்டினால் ஒரு வருடத்துக்குள் நடுவில் விரிசல் விட்டுச் சாய்ந்துவிடும். கல்லைக் குழிக்கு மேல் வைக்காமல், தலைமாட்டில், குழிக்கு வெளியே, வெட்டாத கெட்டி மண்ணில் வையுங்கள். ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, ஜல்லி போட்டுக் கான்கிரீட் அடித்தளம் கொடுத்தால் கல் அசையாது. மேட்டை மண்ணாகவே விட்டு, இறங்க இறங்க மண் நிரப்பி வாருங்கள். கல்லுக்குக் கறுப்பு கிரானைட் போதும், இரண்டடி உயரம். எழுத்தை வெட்டிப் பதிக்கச் சொல்லுங்கள், பெயிண்டால் எழுதியது சில கோடையிலேயே போய்விடும்.

மரத்தைக் குழியின் மேல் நடாதீர்கள். நிறையப் பேர் ஆசையாக அப்படித்தான் நடுகிறார்கள், ஆறு மாதத்தில் கன்று கருகிவிடுகிறது. மட்கும் உடம்பிலிருந்து இறங்கும் நைட்ரஜனும் உப்பும் இளம் வேரைச் சுடும் என்பதுதான் காரணம். அடக்கத்தின்போது உப்பும் போட்டிருந்தால் இன்னும் மோசம். நாலைந்து அடி தள்ளி, இரண்டடிக்கு இரண்டடி குழி எடுத்து, மூன்றில் ஒரு பங்கு மக்கிய தொழு உரம் கலந்து, ஐப்பசி மழை தொடங்கும்போது புங்கையோ வேம்போ நடுங்கள். ஆடு மேயும் இடமானால் கூண்டும் வேண்டும். கல், மரம் இரண்டுக்கும் உங்கள் அதிகாரியிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வையுங்கள். இட மாற்றலில் நீங்கள் போன பிறகு, மைதானத்தைச் சமன் செய்ய வரும் ஜேசிபிக்கு அந்த ஒரு காகிதம்தான் பதில் சொல்லும்.

காலரும் லீஷும் இலாகா பொருள். ஸ்டோர் பதிவேட்டில் வீராவின் பெயரில் ஏறியிருக்கும். அவற்றைக் கழிவாக எழுதி உங்களுக்குத் தரும்படி மனு கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தோல் காலராக இருந்தால் தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் காயவைத்து, தோலுக்கான மெழுகை மெல்லியதாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் தடவினால் சிக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சை வரும். பருத்தித் துணியில் சுற்றி, மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வைக்கலாம். அந்தக் காலரைப் புதுக் குட்டிக்கு மாட்டாதீர்கள். வீராவின் நோய் தொற்று இல்லை, அதனால் கிண்ணத்தையும் கென்னலையும் கழுவிப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் காலர் அவனுடையதாகவே இருக்கட்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது வீராவின் பதிவேடு. 1993 மும்பைத் தொடர் குண்டுவெடிப்பு நாட்களில் வேலை செய்த ஜஞ்சீர் என்ற லாப்ரடாரை இன்றும் நாடு நினைவில் வைத்திருக்கிறது. 3,329 கிலோ ஆர்டிஎக்ஸ் வெடிமருந்து, அதை வெடிக்கவைக்கும் 600 டெட்டனேட்டர், 249 கையெறி குண்டு, 6,406 தோட்டா என்று அவன் கண்டுபிடித்ததை யாரோ ஒழுங்காக எழுதி வைத்ததும் அதற்கு ஒரு காரணம். ஜஞ்சீர் எலும்புப் புற்றுநோயில் 2000 நவம்பரில் இறந்தபோது, முழு மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். மும்பை 26/11 தாக்குதலில் வேலை செய்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் நான்கும் 2016 என்ற ஒரே ஆண்டில் அடுத்தடுத்துப் போயின. அவற்றின் பெயரும் நாளும் பதிவில் இருப்பதால்தான் இன்றைக்கும் சொல்ல முடிகிறது.

வீரா எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். பெரும்பாலான வெடிகுண்டு நாய்களின் வேலை வாழ்க்கை முழுக்க "சோதனை செய்யப்பட்டது, எதுவும் இல்லை" என்ற ஒரே வரியில்தான் இருக்கும். அந்த வரி ஒவ்வொன்றும் ஒரு சான்றிதழ். அதை நம்பித்தான் தேர் நகர்ந்தது, ரயில் கிளம்பியது, பள்ளிக்கூடத்து மிரட்டல் போனுக்குப் பிறகு பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள். பதிவேடு கழித்துக் கட்டப்படுவதற்கு முன் உட்கார்ந்து ஒரு நோட்டில் எடுத்து எழுதுங்கள். பிறந்த தேதி, வந்த இடம், பயிற்சி தொடங்கிய நாள், முடித்த நாள், எந்தெந்தத் திருவிழா, எந்த நிலையம், எந்தப் பள்ளி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடித்தான். மருத்துவ அட்டையையும் நகலெடுங்கள். கைபேசியில் அவன் வாசனை பிடித்து உட்காரும் வீடியோ இருந்தால் வேறு இரண்டு இடத்தில் பிரதி வையுங்கள். கல்லில் எழுதப் போகும் தேதிகளையும் இந்த நோட்டிலிருந்தே எடுங்கள், நினைவிலிருந்து எழுதினால் தேதி தப்பும். அதில் உங்கள் பெயரோடு இரண்டாவது ஹேண்ட்லரின் (நாயைக் கையாளும் காவலர்) பெயரும் இருக்கட்டும். நீங்கள் விடுப்பில் இருந்த நாட்களில் வீராவுக்குச் சோறு வைத்தவர் அவர். அவருக்கும் துக்கம் உண்டு, அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: சோதனை முறை, பயிற்சிப் பொருளின் அளவு, முக்கியப் பிரமுகர் வழித்தடம் ஆகியவற்றைச் சமூக வலைத்தளத்தில் போடக் கூடாது.

குட்டியைப் பற்றி. தூக்க மனசு வரவில்லை என்று வெளிப்படையாக எழுதியது நல்லது, ஏனென்றால் அது லீஷ் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேரும். கலிபோர்னியாவில் 18 மோப்ப நாய், ஹேண்ட்லர் ஜோடிகளை வைத்துச் செய்த ஒரு சோதனையின் முடிவு 2011-ல் வெளியானது. தேடச் சொன்ன இடத்தில் வெடிமருந்தோ போதைப்பொருளோ எதுவும் இல்லை. ஆனால் சில இடங்களில் பொருள் இருக்கிறது என்று ஹேண்ட்லர்களிடம் சொல்லியிருந்தார்கள். நாய்கள் 225 முறை கண்டுபிடித்ததாகக் காட்டின. மனிதனின் எதிர்பார்ப்பு, நடையின் தயக்கம், லீஷின் இறுக்கம் எல்லாம் நாய்க்குச் செய்தி. அதனால் மனம் கனத்திருக்கும் நாளில் தேடல் பயிற்சி வேண்டாம். அன்றைக்கு உணவும் விளையாட்டும் போதும். முதல் மாதத்தில் குட்டிக்கு வேறெதுவும் தேவையுமில்லை.

வேறு பெயர் வையுங்கள். வீராவின் பெயரைக் கொடுத்தால், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் எட்டரை வயது நாயை எதிர்பார்த்து மூன்று மாதக் குட்டியைப் பார்ப்பீர்கள். பந்தும் புதிதாக இருக்கட்டும். "சிட்", "ஸ்டே", "ஹீல்" போன்ற கட்டளைகள் பிரிவு முழுவதற்கும் பொது, அவற்றை மாற்ற வேண்டாம். குட்டியின் முன்னேற்றத்தை எழுதும்போது போன வாரக் குட்டியோடு ஒப்பிடுங்கள், வீராவோடு ஒப்பிடாதீர்கள். வீராவும் மூன்று மாதத்தில் எல்லாவற்றையும் கடித்துக்கொண்டுதான் திரிந்திருப்பான்.

முதல் இரண்டு வாரம் சாப்பாட்டை நீங்களே கொடுங்கள், அதில் ஒரு பங்கு உங்கள் கையிலிருந்து போகட்டும். நாலு மாதம் வரை ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, பிறகு இரண்டு. பெரிய இனக் குட்டிகளுக்கான உணவு கொடுத்தால் மேற்கொண்டு கால்சியம் சிரப் ஊற்ற வேண்டாம். எலும்பு உறுதியாகும் என்று கொடுக்கிறார்கள், ஆனால் வளரும் பெரிய இனத்துக்குக் கூடுதல் கால்சியம் எலும்பையும் மூட்டையும் கெடுக்கும். ஒரு வயது தாண்டும் வரை ஜீப்பிலிருந்து குதிக்க விடாதீர்கள், தூக்கி இறக்குங்கள். நீங்கள் வேண்டுமானாலும் வேண்டாவிட்டாலும் ஒரு நாளைக்குப் பல முறை தூக்கித்தான் ஆக வேண்டியிருக்கும். அந்தத் தயக்கம் குறைய அதுவே வழி செய்யும்.

உங்கள் உடம்பு. இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை என்பது சின்ன விஷயம் இல்லை. எட்டு வருடம் விடியற்காலை எழுந்து அவனை வெளியே கொண்டுபோன உடம்பு, அந்த நேரத்துக்கு இன்னமும் எழும். அப்போது படுக்கையில் கிடக்காமல் எழுந்து அதே நேரத்தில் நடந்துவிட்டு வாருங்கள். "நாய்க்குப் போய் இவ்வளவா" என்று பக்கத்தில் இருப்பவர்கள் சொல்வதைப் பொருட்படுத்த வேண்டாம். பணியில் கூட நின்ற துணையை இழந்திருக்கிறீர்கள். ஆனால் தூங்குவதற்காகக் குடிக்கத் தொடங்கினாலோ, சாப்பாடு குறைந்து எடை இறங்கினாலோ, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வந்தாலோ அன்றைக்கே 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கோ 104-க்கோ பேசுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.

மகளைத் தாராளமாக அழைத்துப் போங்கள், அதிகாரியின் அனுமதியோடு. மோப்ப நாய் நாளைக்குத் திருவிழாக் கூட்டத்தில் குழந்தைகளுக்கு நடுவே வேலை செய்ய வேண்டும். சின்ன வயதிலேயே குழந்தைகளின் சத்தமும் ஓட்டமும் பழகுவது அதற்கு நல்லது. குட்டிக்குக் குறைந்தது இரண்டாவது தவணைத் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் கழியட்டும். உங்கள் தெருவில் நாய்க்குட்டிகள் ரத்தபேதியில் செத்திருந்தால் அந்த மாதம் வேண்டாம். அந்த ரத்தபேதியைத் தரும் பார்வோ வைரஸ் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும், மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மற்ற நாட்களிலும் கென்னல் வாசலில் செருப்பைக் கழற்றட்டும். திரும்பும்போது சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், குட்டிகளின் குடற்புழு பிள்ளைகளுக்கு ஒட்டும். தடவலாம், கொஞ்சலாம், பக்கத்தில் உட்காரலாம். தின்பண்டம் கொடுப்பதும் பந்து எறிவதும் மட்டும் கூடாது. அந்த இரண்டும் உங்கள் கையிலிருந்துதான் வருகிறது என்று குட்டி நம்ப வேண்டும். ஏன் என்று அவள் கேட்டால், வீராவின் வீடியோவைக் காட்டி விளக்குங்கள்.